பழைய புத்தகமும் பழைய பேய்ப் படமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரி மாதங்களில் எங்கள் வாசிகசாலையில் ஒரு பழைய புத்தகத்தைச் சேர்ந்து வாசிப்போம். வாசித்து முடிந்ததும் அதிலிருந்து எடுத்த பழைய படத்தைத் திரை கட்டிப் பார்ப்போம். எல்லாமே பதிப்புரிமை முடிந்த படைப்புகள். பெரும்பாலும் பேய், இரத்தக் காட்டேரி, அரக்கன் கதைகள். மட்டக்களப்புக் கல்லடியில் தொடங்கிய பழக்கம் இது. இப்போது காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனைப் பக்கமிருந்தும் விசாரிக்கிறார்கள். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதிலையும் கீழே போட்டிருக்கிறேன்.

1. அண்ணா, காசு குடுக்காம டவுன்லோட் பண்றது களவு இல்லையா?

இல்லை. ஒரு புத்தகத்தின் மேல் எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் இருக்கும் உரிமைக்குச் சட்டம் ஒரு கால எல்லை வைத்திருக்கிறது. அது முடிந்ததும் அந்தப் படைப்பு எல்லோருக்கும் சொந்தம். யாரும் அச்சடிக்கலாம், பகிரலாம், மொழிபெயர்க்கலாம், நாடகமாக்கலாம், விற்கவும் செய்யலாம். பப்ளிக் டொமைன் என்று நெட்டில் போட்டிருப்பது இதைத்தான். நான் இங்கே பொது உரிமை என்று எழுதுகிறேன்.

கம்பராமாயணத்தை அச்சடிக்க யாரிடமும் அனுமதி கேட்பதில்லை அல்லவா? மேரி ஷெல்லியின் நாவலும் இன்றைக்கு அதே நிலையில்தான் இருக்கிறது. போன வருடம் வந்த நாவலின் பிடிஎஃபைக் குரூப்பில் சுற்றவிடுவது வேறு விஷயம். அது எழுதியவரின் சோற்றில் கை வைப்பது. எங்கள் குரூப்பில் அதற்கு இடமில்லை.

2. எந்தப் புத்தகத்துக்கு உரிமை முடிஞ்சிட்டு எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிற?

எழுதியவர் எந்த ஆண்டு இறந்தார் என்று பாருங்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, அவர் இறந்து 70 ஆண்டு ஆக வேண்டும். கணக்கு அந்த ஆண்டின் கடைசி நாள்வரை ஓடும், ஆகவே படைப்பு விடுபடுவது எப்போதும் ஒரு ஜனவரி 1. டிராகுலாவை எழுதிய பிராம் ஸ்டோக்கர் 1912இல் இறந்தார். அவர் விஷயத்தில் சந்தேகமே இல்லை. கண்ணுக்குத் தெரியாத மனிதனின் கதையை எழுதிய எச்.ஜி. வெல்ஸ் இறந்தது 1946. அவருடைய புத்தகங்கள் 2017 ஜனவரி 1 முதல் இங்கே பொது உரிமை. காரைதீவில் பிறந்த எங்கள் விபுலானந்த அடிகள் 1947 ஜூலையில் மறைந்தார். யாழ் நூலும் மதங்க சூளாமணியும் 2018 முதல் எல்லோருக்கும் சொந்தம்.

இந்தியாவில் இதே கணக்கு 60 ஆண்டு. அமெரிக்காவில் பழைய படைப்புகளுக்கு இறந்த ஆண்டைப் பார்ப்பதில்லை. வெளிவந்த ஆண்டோடு 95ஐக் கூட்டுகிறார்கள். 1930இல் வந்தவை அங்கே விடுபடும் நாள் 2026 ஜனவரி 1. பெரிய தளங்கள் பல அமெரிக்காவில் இருப்பதால் இந்தக் கணக்கும் தெரிந்திருப்பது நல்லது.

ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் கையில் இருக்கும் பதிப்பு எந்த ஆண்டு அச்சானது என்பது மூலக் கதையின் உரிமையை மாற்றாது. ஆனால் அந்தப் பதிப்புக்கென்று புதிதாக ஒருவர் எழுதிய முன்னுரை, குறிப்பு, உரை, வரைந்த படம் எல்லாம் அவரவர்க்குச் சொந்தம்.

3. எங்க போய் எடுக்கிற? எனக்கு டேட்டாவும் குறைவு, போன் மட்டும்தான் இரிக்கு.

ஆங்கிலப் புத்தகத்துக்குக் குட்டன்பேர்க் திட்டம். 1971இல் தொடங்கியது, 70,000க்கு மேல் புத்தகம் இருக்கிறது. படம் சேர்க்காத வெறும் எழுத்துப் பதிப்பை எடுத்தால் பிராங்கன்ஸ்டைன் நாவல் முழுவதும் ஒரு எம்பி கூட வராது. டேட்டா குறைந்தவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. கண் பார்வை மங்கியவர்களுக்கு லிப்ரிவொக்ஸ் இருக்கிறது. தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவுசெய்த ஒலிப் புத்தகங்கள், அவையும் பொது உரிமையே.

தமிழுக்கு மதுரைத் திட்டம், தமிழ் விக்கிமூலம். இலங்கைத் தமிழ் நூல்களும் பழைய பத்திரிகை, சஞ்சிகைகளும் வேண்டுமென்றால் நூலகம் இணையத்தளம். படங்களுக்கு இன்டர்நெட் ஆர்கைவ். அங்கே ஒரே படத்தைப் பல அளவில் வைத்திருப்பார்கள். போனுக்குச் சின்னதே போதும். வாசிகசாலைக்குப் பென் டிரைவ் கொண்டு வந்தால் நாங்கள் எடுத்து வைத்திருப்பதைப் பிரதி பண்ணித் தருவோம்.

4. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு ஓடாது. எதில தொடங்கினா நல்லம்?

டிராகுலாவில் தொடங்க வேண்டாம். அது நீளம், பாதியில் களைத்துப்போவீர்கள். டபிள்யூ.டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் எழுதிய குரங்கின் பாதம் என்ற சிறுகதையை எடுங்கள். இந்தியாவிலிருந்து ஒரு பட்டாளத்துக்காரர் கொண்டு வந்த காய்ந்த குரங்குப் பாதம், மூன்று வரம், ஒரு தாய், ஒரு தகப்பன். ஒரே இருப்பில் முடித்துவிடலாம். கதவு தட்டும் சத்தம் வரும் இடத்தில் எங்கள் வாசிகசாலையில் யாரும் மூச்சு விடவில்லை. அடுத்து ஒஸ்கார் வைல்டின் கான்டர்வில் பேய். அது சிரிப்புக் கதை, பேய்தான் மனிதர்களுக்குப் பயப்படும். மூன்றாவதாக வெல்ஸின் கண்ணுக்குத் தெரியாத மனிதன், ஏ.எல். படிக்கிற பிள்ளைகளுக்கு அந்த ஆங்கிலம் பிடிபடும்.

ஆங்கிலமே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. மேரி ஷெல்லியின் நாவலைப் புதுமைப்பித்தன் பிரேத மனிதன் என்ற பெயரில் தமிழாக்கியிருக்கிறார். அவர் 1948இல் மறைந்தவர். மேலே சொன்ன கணக்குப்படி 2019இலிருந்து அதுவும் இங்கே பொது உரிமை. தமிழ்நாட்டு அரசும் அவருடைய எழுத்துகளை நாட்டுடைமையாக்கியிருக்கிறது. அதைக் கையில் எடுத்தவர்கள் அப்படியே அவருடைய காஞ்சனை சிறுகதையையும் வாசித்துவிடுங்கள். தமிழில் அதைவிட நன்றாகப் பயமுறுத்தும் கதையை நான் வாசித்ததில்லை.

5. பிராங்கன்ஸ்டைன் எண்டா அந்தத் தட்டைத் தலை, கழுத்தில ஆணி அடிச்ச பேய்தானே?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் என்று தோன்றியது. பிராங்கன்ஸ்டைன் என்பது அதை உண்டாக்கிய மாணவனின் பெயர், விக்டர் பிராங்கன்ஸ்டைன். அவன் உண்டாக்கியதற்கு நாவலில் பெயரே இல்லை. பெயர் வைக்கக்கூட நிற்காமல், கண் திறந்த அன்றைக்கே அதைப் பார்த்து ஓடிவிடுகிறான். தட்டைத் தலையும் கழுத்து ஆணியும் 1931ஆம் ஆண்டுப் படத்துக்காக ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ், நடிகர் போரிஸ் கார்லோஃபின் முகத்தில் செய்தவை. மேரி ஷெல்லி எழுதியதோ எட்டடி உயரம், மஞ்சள் தோல், நீண்ட கறுத்த முடி, கறுத்த உதடு.

முக்கியமான வித்தியாசம் முகத்தில் இல்லை, நாக்கில் இருக்கிறது. 1931ஆம் ஆண்டுப் படத்தில் அது உறுமும், பேசாது. நாவலில் அது பேசுகிறது, அதுவும் நாவலில் வேறு யாரையும்விட அழகாகப் பேசுகிறது. ஒரு ஏழைக் குடும்பத்தின் வீட்டோடு ஒட்டிய கொட்டிலில் ஒளிந்திருந்து, சுவரின் விரிசல் வழியாக அவர்களைப் பார்த்தே மொழி படிக்கிறது. இரவில் அவர்களுக்குத் தெரியாமல் விறகு வெட்டி வைக்கிறது. கண்டெடுத்த மில்டனின் காவியத்தை வாசித்துத் தன் நிலையை நினைத்து அழுகிறது. எல்லோரும் அடித்து விரட்டிய பிறகுதான் அது கொலைக்குப் போகிறது. என்னை ஏன் உண்டாக்கினாய், உண்டாக்கிவிட்டு ஏன் கைவிட்டாய் என்று அது விக்டரைக் கேட்கும் அத்தியாயங்களை வாசித்தவர்கள் பிறகு அதைப் பேய் என்று கூப்பிடத் தயங்குவார்கள். படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தக் குரல் கிடைப்பதில்லை. அதனால்தான் முதலில் புத்தகம், பிறகு படம் என்று பிடிவாதம் பிடிக்கிறேன்.

இதை எழுதத் தொடங்கியபோது மேரிக்கு 18 வயது. 1815இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததில் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. ஜெனிவா ஏரிக்கரையில் மழைக்கு வெளியே போக முடியாமல் அடைந்துகிடந்த சிலர், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று பந்தயம் பிடித்தார்கள். அதில் பிறந்த நாவல் 1818இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தது.

6. டிராகுலா படம் பார்த்திட்டன். புத்தகமும் வாசிக்கத்தான் வேணுமா?

வேணும். நாவல் முழுக்க நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தி. ஆளுக்கொரு துண்டு தெரியும், யாருக்கும் முழுதும் தெரியாது. வாசிக்கிற நீங்கள்தான் முதலில் விளங்கிக்கொள்வீர்கள், எச்சரிக்கவும் முடியாது. அந்தத் தவிப்பைப் படத்தில் கொண்டுவருவது கஷ்டம்.

இன்னொன்று. வெயில் பட்டால் இரத்தக் காட்டேரி எரிந்து போகும் என்று எல்லோரும் நம்புகிறோம். ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடக்கிறான். பகலில் சக்தி குறையும், அவ்வளவுதான். சூரிய ஒளியில் அழிவது 1922ஆம் ஆண்டு நொஸ்பெராட்டு படத்தில் வந்த யோசனை. முடிவும் வேறு: நாவலில் அவனைக் கொல்வது மரமுளை அல்ல, இரண்டு கத்திகள். 1931ஆம் ஆண்டுப் படத்தில் பேலா லுகோசி ஒரு தடவைகூடக் கோரைப் பல்லைக் காட்டவில்லை என்பதையும் கவனித்துப் பாருங்கள். அதே படப்பிடிப்பு அரங்கில், இரவு நேரத்தில், வேறு நடிகர்களை வைத்து ஸ்பானிய மொழியிலும் ஒரு டிராகுலா எடுத்தார்கள். கமரா வேலையில் அதுதான் மேல் என்பது என் அபிப்பிராயம்.

7. சத்தமே இல்லாத படத்தை ஒண்டரை மணித்தியாலம் எப்பிடிப் பாக்கிற? நொஸ்பெராட்டுவில பேய் பட்டப் பகல்ல நடக்குதே!

மௌனப் படங்களை அந்தக் காலத்தில் சத்தமில்லாமல் காட்டியதில்லை. அரங்கில் பியானோவோ இசைக்குழுவோ வாசிக்கும். நாங்கள் ஒருமுறை இசையை நிறுத்திவிட்டு மத்தளம் தெரிந்த ஒரு தம்பியை வாசிக்கச் சொன்னோம். படத்தின் காட்டேரியான ஓர்லொக் பிரபுவின் நிழல் படியேறி வரும் இடத்தில் அவர் தாளத்தைக் குறைத்துக் குறைத்துக் கொண்டு போனதில் பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து முன்னுக்கு வந்துவிட்டார்கள். இதை நீங்களும் செய்யலாம்.

பகலில் நடப்பதற்குக் காரணம் நீங்கள் பார்த்த பிரதி. அந்தக் காலத்தில் இரவில் படம் பிடிப்பது கடினம். பகலில் எடுத்துவிட்டு, இரவுக் காட்சி என்று காட்டப் படச்சுருளுக்கு நீலச் சாயம் ஏற்றினார்கள். பகல் காட்சிக்கு மஞ்சள். சாயம் போய் வெறும் கறுப்பு வெள்ளையாகப் பிரதியானதில் இரவெல்லாம் பகலாகிவிட்டது. சாயத்தோடு இருக்கும் பிரதியைத் தேடி எடுங்கள், படமே வேறாகத் தெரியும்.

மௌனப் படத்துக்குப் புதியவர்கள் 1925இல் வந்த ஓபராவின் ஆவியில் தொடங்கலாம். லொன் சேனி தன் முகத்துக்குத் தானே போட்ட ஒப்பனை, முகமூடி கழலும் அந்த ஒரு கணம், இது போதும். டாக்டர் கலிகாரி (1920) அதற்கப்புறம். அதில் வீடும் தெருவும் கோணல் மாணலாக வரைந்தவை, நிழல்கூடத் தரையில் தீட்டியது.

8. புள்ளைகள் பயந்து போயிருங்கள், ராவைக்கு நித்திரை கொள்ளாதுகள். பேய்க்கதை வாசிச்சா வீட்டுக்கு ஆகாது எண்டும் சொல்றாங்க.

அம்மாமார் கேட்பது நியாயம். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை நாங்கள் இரவுப் படத்துக்குச் சேர்ப்பதில்லை. அவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் தொலைந்த உலகம் போடுவோம்: கோனன் டொயிலின் நாவல், வில்லிஸ் ஓ'பிரையன் பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து எடுத்த டைனோசர்கள். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். 1968ஆம் ஆண்டுப் பிணங்கள் எழும் படம் (நைட் ஒஃப் த லிவிங் டெட்) பெரியவர்களுக்கு மட்டும். பழையது, கறுப்பு வெள்ளை என்று நினைத்துப் பிள்ளைகளை உட்கார வைத்துவிடாதீர்கள்.

வீட்டுக்கு ஆகாது என்ற நம்பிக்கையைப் பற்றி யாரோடும் வாதாட மாட்டேன். விருப்பமில்லாத வீட்டுப் பிள்ளையை அழைப்பதும் இல்லை. ஆனால் இந்தக் கதைகளில் பேயை யாரும் கும்பிடுவதில்லை. பெரும்பாலும் மனிதன் செய்த ஒரு தவறுக்கு அது வந்து பதில் கேட்கிறது. எங்கள் ஊரில் அம்மம்மாமார் சொன்ன கதைகளும் அப்படித்தானே?

9. வெள்ளைக்காரன்ட பேய்தான் பேயா? தமிழில ஒண்டும் இல்லையா?

இருக்கிறது, நிறைய. கலிங்கத்துப்பரணியை எடுங்கள். செயங்கொண்டார் 12ஆம் நூற்றாண்டில் பாடியது. போரைப் பற்றிய நூல் என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். ஆனால் அதில் பேய்களுக்கென்றே பகுதிகள் இருக்கின்றன. காய்ந்த காடு, அதன் நடுவே காளி கோயில், பசியில் வாடும் பேய்க் கூட்டம். போர் முடிந்ததும் அவை களத்தில் இறங்கிக் கூழ் சமைத்து, ஒன்றையொன்று கூப்பிட்டுப் பரிமாறிச் சாப்பிடும். பயமும் சிரிப்பும் சேர்ந்து வரும் இடம் அது. மதுரைத் திட்டத்தில் இருக்கிறது. காரைக்கால் அம்மையார் தன்னையே காரைக்கால் பேய் என்று பாடினார், அது இன்னும் பழையது.

விக்கிரமாதித்தன் தோளில் ஏறிக் கதை சொல்லும் வேதாளம் எங்களுக்குத் தெரியும். அந்தக் கதைகளை 1870இல் ரிச்சர்ட் பேர்ட்டன் ஆங்கிலத்தில் எழுதியபோது தலைப்பிலேயே வேதாளத்தை இரத்தக் காட்டேரி ஆக்கிவிட்டார். டிராகுலா வந்தது அதற்கு 27 ஆண்டு கழித்து. இலங்கையர் எழுதிய பழைய தமிழ் நாவல்களும் பொது உரிமையில் இருக்கின்றன: சித்திலெப்பையின் அசன்பே சரித்திரம் 1885, திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி 1895. பேய்க்கதைகள் அல்ல, ஆனாலும் எங்களவர்கள் கட்டாயம் புரட்ட வேண்டியவை.

10. புத்தகம் ஃபிரீ எண்டா அந்தப் படமும் ஃபிரீதானே?

இரண்டும் வேறு படைப்பு, வேறு கணக்கு. பிராங்கன்ஸ்டைன் நாவலை இன்றே யாரும் படமாக்கலாம். ஆனால் 5ஆம் கேள்வியில் சொன்ன தட்டைத் தலை முகம் 1931ஆம் ஆண்டுப் படத்தோடு வந்தது. அமெரிக்காவில் அந்தப் படமும் அதே ஆண்டு வந்த டிராகுலாவும் 2027 ஜனவரி 1இல்தான் விடுபடுகின்றன. 1933ஆம் ஆண்டு கிங்கொங் 2029இல், 1935ஆம் ஆண்டு பிராங்கன்ஸ்டைனின் மணமகள் 2031இல். இலங்கைச் சட்டத்தில் திரைப்படத்துக்குக் கணக்கு வெளிவந்ததிலிருந்து 70 ஆண்டு. அதன்படி இங்கே அவை ஏற்கெனவே கடந்துவிட்டன. ஆனால் நீங்கள் யூடியூபில் ஏற்றினால் உலகம் முழுக்கப் போகும், அங்கே அமெரிக்கக் கணக்கு உங்களைப் பிடிக்கும். வாசிகசாலைச் சுவரில் காட்டுவதும் நெட்டில் ஏற்றுவதும் ஒன்றல்ல.

சில படங்கள் காலம் முடியும் முன்பே பொது உரிமைக்கு வந்தவை. 8ஆம் பதிலில் சொன்ன 1968ஆம் ஆண்டுப் படம் அப்படி ஒன்று, ஜோர்ஜ் ரொமேரோவின் முதல் படம். வெளியிடும் நேரத்தில் பெயரை மாற்றியபோது, தலைப்போடு இருந்த பதிப்புரிமை அறிவிப்பும் விடுபட்டுப் போனது. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் அந்த அறிவிப்பு இல்லையென்றால் உரிமையும் இல்லை.

11. யூடியூபில முழுப் படமும் கிடக்கு. அப்ப ஃபிரீ எண்டுதானே அர்த்தம்?

இல்லை. யாரோ ஏற்றியிருக்கிறார், அவ்வளவுதான் தெரியும். படம் உண்மையிலேயே பொது உரிமையாக இருந்தாலும் அதற்குப் புதிதாக இசை போட்டிருக்கலாம், வண்ணம் ஏற்றியிருக்கலாம். அவற்றுக்குத் தனி உரிமை வரலாம். தனியாக உட்கார்ந்து பார்ப்பதென்றால் பிரச்சினை இல்லை. ஊருக்குக் காட்டுவதென்றால் புதிய இசையில்லாத பிரதியைத் தேடுங்கள், அல்லது 7ஆம் பதிலில் சொன்ன மாதிரி ஒரு மத்தளக்காரரைப் பிடியுங்கள்.

12. எங்கட கழகத்தில திரை கட்டி, டிக்கட் போட்டுக் காட்டலாமா?

பதிப்புரிமை முடிந்த படம் என்றால் டிக்கட் போட்டாலும் அந்த வகையில் தடையில்லை. ஆனால் பொது இடத்தில் படம் காட்ட வேறு அனுமதிகள் தேவைப்படலாம். பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

13. அந்தப் பழைய படங்களெல்லாம் எங்கயாவது இரிக்கும்தானே? தேடினாக் கிடைக்காதா?

நிறைய அழிந்துவிட்டன. அந்தக் காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பிடிக்கும். லொன் சேனி காட்டேரி வேஷம் போட்ட 1927ஆம் ஆண்டுப் படம் ஒன்றின் கடைசிப் பிரதி, 1960களில் எம்.ஜி.எம். கிடங்குத் தீயில் போனது. எங்களுக்கும் அந்த இழப்பு இருக்கிறது. டிராகுலாவும் பிராங்கன்ஸ்டைனும் வந்த அதே 1931இல்தான் தமிழின் முதல் பேசும்படம் காளிதாஸ் வந்தது. அதற்கு ஒரு பிரதியும் இல்லை.

நொஸ்பெராட்டுவும் போயிருக்க வேண்டியது. ஸ்டோக்கரின் மனைவியிடம் அனுமதி பெறாமல், டிராகுலாவை ஓர்லொக் என்று பெயர் மாற்றி எடுத்த படம் அது. அவர் வழக்குப் போட்டு வென்றார். எல்லாப் பிரதிகளையும் அழிக்கும்படி ஜெர்மன் நீதிமன்றம் உத்தரவிட்டது. வெளிநாடுகளுக்கு முன்பே போய்விட்ட பிரதிகள்தான் படத்தைக் காப்பாற்றின. அந்த அம்மாவின் பக்கம் நியாயம் இருந்தது. படம் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷமும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்திருக்கிறேன்.

14. நான் இதில ஒண்டைத் தமிழில மொழிபெயர்த்துப் புத்தகமாப் போடலாமா?

தாராளமாக. மூலம் பொது உரிமை என்றால் உங்கள் மொழிபெயர்ப்பு உங்களுக்கே சொந்தம். எந்தப் பிரதியிலிருந்து மொழிபெயர்க்கிறீர்கள் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஜூல் வேர்ன் 1905இல் இறந்தவர், ஆனால் அவர் பிரெஞ்சில் எழுதினார். அண்மையில் ஒருவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்து நீங்கள் தமிழாக்கினால் அந்த மொழிபெயர்ப்பாளரின் உரிமையில் கை வைக்கிறீர்கள். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பை எடுங்கள். அதை மொழிபெயர்த்தவரும் இறந்து 70 ஆண்டு ஆகிவிட்டதா என்று பாருங்கள்.

15. சேர், பிராங்கன்ஸ்டைனைக் கூத்தாப் போடலாமா? அண்ணாவியார் சம்மதிப்பாரா?

சட்டம் சம்மதிக்கிறது. நாவலிலிருந்து எடுங்கள், படத்திலிருந்து எடுக்க வேண்டாம். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் நீங்கள்தான் பேச வேண்டும். ஆனால் இந்தக் கதை கூத்துக்குப் பொருந்தும் என்று நான் மனதார நம்புகிறேன். கூத்தில் ஒவ்வொரு பாத்திரமும் வரவு ஆடி வந்து தன்னைத் தானே பாடி அறிமுகம் செய்கிறது. அரக்கனுக்கும் அந்த உரிமை உண்டு. நாவலில் 1831ஆம் ஆண்டுப் பதிப்பின் 11ஆம் அத்தியாயம் முதல் 16ஆம் அத்தியாயம் வரை அந்தப் பெயரில்லாதவன் தன் கதையைத் தானே சொல்கிறான். கண் திறந்தது, நிலவைப் பார்த்தது, நெருப்பைத் தொட்டுச் சுட்டுக்கொண்டது, தண்ணீரில் தன் முகத்தைக் கண்டு நடுங்கியது. அப்படியே விருத்தமாகவும் தரு என்ற கூத்துப் பாட்டாகவும் கட்டலாம். ஹொலிவுட் அவனிடமிருந்து எடுத்த குரலைக் கூத்தாடும் வட்டக்களரியில் திருப்பிக் கொடுக்கலாம்.

இது புதுக் காரியமும் இல்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் எங்கள் கூத்தை எடுத்து இராவணேசன் மேடையேற்றினார். மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். அரக்கன் என்று சொல்லப்பட்டவன் தன் துயரத்தோடு சபைக்கு முன் நின்றான். அதற்கும் முன்பே, 1926இல், விபுலானந்தர் மதங்க சூளாமணியில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை வைத்துத் தமிழுக்கு நாடக இலக்கணம் பேசினார். காரைதீவில் பிறந்தவர் அன்றைக்கு அதைச் செய்தார் என்றால் இன்றைக்கு நாங்கள் ஏன் தயங்க வேண்டும்?

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன இராவணேசன் போன்ற அண்மைக் காலப் பிரதிகளுக்கு உரிமை இருக்கிறது, அவற்றின் பாட்டுகளை எடுக்கக் கூடாது. மெட்டும் தாளமும் பரம்பரையாக வந்தவை. உங்கள் பாட்டை நீங்களே கட்டுங்கள்.

16. எங்கட மூத்தப்பாட பழைய புத்தகங்கள், அரபுத்தமிழ்க் கிதாபு எல்லாம் பெட்டியில கிடக்கு. ஸ்கேன் பண்ணி நெட்டில போடலாமா?

முதலில் பெட்டியை நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள். 1978 நவம்பர்ச் சூறாவளியிலும் 2004 சுனாமியிலும் இந்தக் கரையோரத்தில் எத்தனை வீட்டுப் புத்தகங்களும் கூத்துக் கொப்பிகளும் போயின என்று மூத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பழைய புத்தகமோ, தமிழை அரபு எழுத்தில் எழுதிய கிதாபோ, உரிமைக்கு 2ஆம் பதிலில் உள்ள கணக்குத்தான். புத்தகம் உங்கள் வீட்டில் இருப்பதால் அதன் பதிப்புரிமை உங்களுடையதாகாது. மூத்தப்பா வாங்கி வைத்ததென்றால் எழுதியவர் இறந்த ஆண்டைத் தேட வேண்டும். மூத்தப்பாவே எழுதியதென்றால் வாரிசுகள் எல்லோரும் பேசி முடிவெடுக்கலாம். ஆசிரியர் பெயரே இல்லாத புத்தகத்துக்கு வெளிவந்ததிலிருந்து 70 ஆண்டு. உரிமை முடியாத நூலென்றால் ஆசிரியரின் குடும்பத்தைத் தேடிப் போய் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கேட்டால் பலர் சந்தோஷமாகத் தருவார்கள். தங்கள் தகப்பனின் புத்தகத்தை யாரோ தேடி வந்தார்கள் என்பதே அவர்களுக்குப் பெரிய விஷயம்.

நல்ல ஸ்கேனர் இல்லையென்றால் போன் போதும். பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து எடுங்கள். முதுகு உடையும்படி புத்தகத்தை விரிக்க வேண்டாம். அட்டை, அச்சக விபரம் உள்ள பக்கம், ஓரத்தில் யாராவது கையால் எழுதிய குறிப்பு எதையும் விடாதீர்கள். ஓலைச் சுவடி இருந்தால் நீங்களாகத் துடைக்கவோ எண்ணெய் பூசவோ வேண்டாம். தெரிந்தவர்கள் பார்க்கும்வரை உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். எடுத்த படங்களை நூலகம் இணையத்தளத்துக்குக் கொடுக்க விரும்பினால், எங்களிடம் கொண்டு வாருங்கள். பக்க ஒழுங்கு சரிபார்த்து அனுப்ப உதவி செய்வோம், புத்தகம் அன்றைக்கே உங்கள் கையோடு திரும்பி வரும்.